வெட்டு இல்லாத நாள்

“ஆயாம்மா, நாளைக்கு மழை பெய்யுமா?”

மலாயாவின் கிள்ளான் நகரிலிருந்த பிள்ளைகள் விடுதிக்கு வந்த புதிதில் புஷ்பவல்லி கேட்டது இது. மழையில் ஆடத்தான் கேட்கிறாள் என்று நினைத்த சமையல்காரி சாந்தமேரி, “ஏண்டி, கப்பல் விடவா?” என்று கேலி செய்தாள்.

“அம்மாவுக்கு வெட்டு இருக்காது. என்னைப் பாக்க வரும்.”

தாய் இராஜம்மா மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள். கணவன் காய்ச்சலில் போனபின், தோட்டக் குடியிருப்பான லயத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையை இங்கே விட்டிருந்தாள். அங்கே ஞாயிறும் வேலை. விடியலில் மழை பெய்து மரம் நனைந்தால்தான் ஓய்வு. விடுதியிலோ ஞாயிறு மட்டுமே பார்வை நாள்.

மழை பெய்யும்போதெல்லாம் இராஜம்மா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து வருவாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாந்தமேரி விடுதித் தலைவி டொரத்தியிடம் பலமுறை மன்றாடினாள். ஒருத்திக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேண்டும் என்றார் அவர். நோயுற்ற பிள்ளைகளுக்காகக் கண்விழிக்கிற நல்ல மனுஷி. அதுதான் சாந்தமேரிக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். சட்டிகள்தான் அவளிடம் அடிபட்டன.

“ஒரு ஞாயிறு விடியலிலாவது மழை தாரும் ஆண்டவரே” என்று ஜெபித்தாள். ஞாயிறுகள் காய்ந்தன. ஒருமுறை பெய்தது, அதுவும் பால் எடுத்து முடிந்த மத்தியானத்தில்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, விடியல் மழை விட்டதும் காயப்போட்ட விறகை மறந்து பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். மறுபடி மழை கொட்ட, பதறி ஓடிவந்தாள். விறகு நனையவில்லை. அதன்மேல் ரப்பர்பால் நாற்றத்தோடு ஒரு சாக்கு விரிந்திருந்தது. வேலிக்கு அப்பால், வெறுந்தலையோடு நனைந்தபடி இராஜம்மா போய்க்கொண்டிருந்தாள். அன்றும் வாசலில் துரத்தப்பட்டவள்தான். அன்று எல்லாப் பிள்ளைகளும் சூடான கஞ்சி குடித்தார்கள்.

அடுத்த மழையன்று சாந்தமேரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பின்வேலியருகே காத்திருந்து, இராஜம்மாவை விறகுக் கொட்டகைக்குள் விட்டாள். துவைத்து மடித்த சாக்கையும் ஒரு தூக்குக் கஞ்சியையும் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய்ப் புஷ்பவல்லியைக் கூப்பிட்டாள்.

“கொட்டகையில போய் விறகு எடுத்துட்டு வா. மெதுவா வந்தா போதும்.”

பிள்ளை போனதும் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். தகரக் கூரையில் மழை இரைந்தது. அது சீக்கிரம் நின்றுவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.