இடிபட்ட தூண்

கிடங்கு அலமாரியின் தூணில், அடிப்பக்கம் விழுந்திருந்த நெளிவைக் கண்டதும் சண்முகப்ரியா குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்தான். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வரும்போது இடித்திருக்க வேண்டும்; பெயிண்ட் உரிந்து தகடு பளபளத்தது. மேலே ஐந்து தட்டுகளிலும் இன்ஜின் பாகங்கள் நிறைந்த பெட்டிகள்.

அந்தத் தூணை வடிவமைத்தவள் அவள்தான். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் அலமாரிக் கம்பெனி போன வருஷம் ஒரு ஏஐ மென்பொருள் வாங்கியது. முன்பெல்லாம் தூணை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் கணக்குப் போடும். அந்தப் பழைய கணக்குகளையெல்லாம் படித்துத் தேறிய ஏஐ, கண்மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னது: தகட்டின் கனத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். பழைய முறையிலும் போட்டுப் பார்த்தாள். பாரம் தாங்கியது. ஆனால் வண்டி வந்து இடிப்பதை அந்தக் கணக்குகள் எதிலும் யாரும் சேர்த்ததில்லை. தகடு கனமாக இருந்தவரை சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஏஐக்கு அது எப்படித் தெரியும்?

“வண்டி இடிச்சா என்ன சார் ஆகும்?” என்று மேனேஜர் ஏகாம்பரநாதனிடம் அப்போதே கேட்டாள்.

“கஸ்டமர் அதைக் கேக்கலையேம்மா. வெயிட் தாங்குதுல்ல? சைன் பண்ணு.”

பண்ணினாள்.

இப்போது வல்லம் வடகாலில் அந்தக் கஸ்டமரின் கிடங்கில் நின்றபடி அவருக்குப் போன் செய்தாள். “போட்டோ கீட்டோ எடுத்து அனுப்பிடாத. ஆபீஸ் வா, நேர்ல பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

கிடங்கு சூப்பர்வைசர் விமல்ராஜிடம் ஓடினாள். “இந்த வரிசையில இருக்கற சரக்கை உடனே இறக்கிடுங்க.”

“இன்னா மேடம், தாங்கும்னு உங்க கம்பெனிதான எழுதிக் குடுத்துக்கீது? வெளிய ரெண்டு லாரி நின்னுகினு கீது. இதை இறக்கி எங்க வெக்கறது?”

அவள் அந்தத் தூணருகே திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரம். ஒப்பந்த வேலைக்கு வந்த பெண்கள் அலமாரிகளின் நடுவே வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

“இங்க வேண்டாம், எல்லாரும் எந்திரிங்க. தூண் இடிபட்டிருக்கு!”

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அன்னக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். “அது போன வாரமே இடிச்சதுல்லா மேடம். அந்தக் கோடியில இன்னும் ரெண்டு தூணு இப்படித்தான் கெடக்கு. வெளிய வெயிலு மண்டையப் பொளக்கு. வாங்க, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க.”

சண்முகப்ரியா குனிந்து அன்னக்கிளியின் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“மேடம்! ஏ மேடம்!” அன்னக்கிளி சிரித்துக்கொண்டே எழுந்து பின்னால் ஓடினாள்.

மற்றவர்கள் அன்னக்கிளி விட்டுப்போன இடத்துக்கு நகர்ந்து, இன்னும் தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.