சமமா வந்தா யாருக்கும் இல்ல

உழவர்கரையில் மெத்தைக் கடை மாடியில் பதினோரு பேர் வேலை பார்க்கும் சாப்ட்வேர் கம்பெனிக்கு இளம்பரிதி 'திரெக்தெர் ழெனெரால்', அதாவது தலைமை இயக்குநர். அவருக்குத் தெரிந்த மொத்த பிரெஞ்சும் அதுதான். அதையும் விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் போட்டுத் தீர்த்துவிட்டார்.

மூன்று மாதமாகக் கார்குழலிக்கு அவர்மேல் வன்மம். டீம் லீட் பதவிக்கு அவளும் கிறிஸ்துதாசும் ஒரே மார்க் வாங்கியபோது, "சமமா வந்தா யாருக்கும் இல்ல. நானே பாத்துக்கறேன்" என்று முடித்துவிட்டார்.

வைத்திக்குப்பம் மீன் வியாபாரி செல்வாம்பாளிடம் ஒரே மாதிரி இரண்டு குளிர்சாதன மெஷின்கள். எது அதிகமாகக் கரண்ட் இழுக்கிறதோ அதன் எண்ணை இவர்கள் எழுதிய புரோகிராம் குறைக்க வேண்டும். எந்த எண்ணைத் திருத்தினால் பலன் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பெரிய எண்ணுக்குத் திருத்தத்தில் முழுப் பங்கு, சிறியதற்குப் பூஜ்யம் கொடுக்கும். இரண்டும் சமமானால் ஆளுக்குப் பாதி என்று கார்குழலி ஒரு வரி எழுதியிருந்தாள்.

"சமமா வர்றதெல்லாம் எங்கம்மா நடக்கும்?" என்று எல்லார் முன்னாலும் அதை அழித்தார் இளம்பரிதி.

மொய்க் கவர் முதல் பாஸ்வேர்டு வரை மனுஷன் நூற்றியொன்றில்தான் தொடங்குவார் என்பது அவளுக்குத் தெரியும்.

புரோகிராமைப் பார்க்க ஆபீசுக்கு வந்த செல்வாம்பாளுக்குக் கார்டு நீட்டிவிட்டு, இளம்பரிதி இரண்டு மெஷினுக்கும் 101 போட்டுத் தட்டினார். எதுவும் பெரியதில்லை, இரண்டுக்கும் பூஜ்யம். திருத்த ஒன்றுமில்லை என்று நம்பிய புரோகிராம், 'கற்றல் முடிந்தது' என்றது. இளம்பரிதி கைதட்டினார்.

"மீட்டரு அப்படியேதான நிக்குது தம்பி?" என்று திரையைக் காட்டினாள் செல்வாம்பாள்.

மறுபடி 101. மறுபடி கற்றல் முடிந்தது. இளம்பரிதி கார்குழலி பக்கம் திரும்பினார்.

"என்னாச்சு கார்குழலி?"

"சமமா வந்துட்டுது சார். சமமா வந்தா யாருக்கும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

கிறிஸ்துதாசுக்குத் திடீரென்று இருமல்.

"அந்த லைன போட்டுடும்மா" என்றார் இளம்பரிதி கிசுகிசுப்பாக.

"நீங்களே பாத்துக்கறேன்னீங்களே."

பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அந்த வரி எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை.

"தெரிஞ்ச புள்ளய உக்கார வைய்யா" என்றாள் செல்வாம்பாள்.

புள்ள எழுந்திருக்கவில்லை. "டீம் லீடு லெட்டர் ரெண்டு சார். எனக்கொண்ணு, தாசுக்கொண்ணு. கையெழுத்து ஆனதும் லைன் ஏறிடும்."

பிரிண்டர் ஓடியது. கையெழுத்து விழுந்தது. வரியும் ஏறியது. 101 இரண்டும் சேர்ந்தாற்போல் இறங்கத் தொடங்கின.

மீட்டர் குறைவதைப் பார்த்துக்கொண்டே, செல்வாம்பாள் தங்க எழுத்துக் கார்டைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

"பின்னால அந்தப் பொண்ணு நம்பர எழுதிக் குடு தம்பி."