லேசான தடி

கொள்ளிச் சட்டியைக் கையில் வாங்கும்போதுதான் நிதுர்ஷன் அந்தக் கறுப்புத் தடியைக் கண்டான். வேலியில் சாத்திக் கிடந்தது. யாரோ அதன்மேல் ஈரத் துவாயைக் காயப் போட்டிருந்தார்கள்.

அப்பா யோகராசா செத்து இன்று மூன்றாம் நாள். வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கையில் போவதற்காக, தாழ்ந்து தொங்கிய கரண்ட் கம்பியைத் தடியால் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்த ஒழுங்கைக்காரர் எல்லோரும் செய்கிற வேலைதான். காய்ந்த கம்பால் தூக்கினால் ஒன்றும் ஆகாது. அன்று அவர் கையில் இருந்தது மகன் கொடுத்த இந்தக் கறுப்புத் தடி.

"ஈரக் கையோட புடிச்சிட்டார் போல," என்றார்கள் வந்தவர்கள். நேற்று விமானத்தில் வந்து இறங்கியதிலிருந்து நிதுர்ஷன் எல்லோருக்கும் "ஓம்" என்றே தலையாட்டிக்கொண்டிருந்தான்.

வளைகுடாவில் விமான உடல் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. கார்பன் ஃபைபர் எனும் கரி நார் நாடாவை இயந்திரக் கை ஒன்று அடுக்கடுக்காய் ஒட்டிக்கொண்டு போகும். சுருக்கம் விழுகிறதா என்று அவன் பார்த்திருக்க வேண்டும். சுருக்கம் விழுந்து கழித்த குழாய் ஒன்றை மூன்றாய் வெட்டிக் கப்பல் பார்சலில் அனுப்பி, லீவில் வந்தபோது ஒரே தடியாகப் பொருத்திக் கொடுத்தான். வாவியில் அடியில் ஊன்றித் தோணி தாங்க அப்பாவுக்கு அதைப்போல் தடி வாய்த்ததில்லை. வழுக்குகிறதென்று மேல் பூச்சை மட்டும் உள்ளே கரி தெரிய அரத்தால் உராய்ந்துவிட்டார்.

உக்காது, முறியாது, இரும்பை விடப் பலம் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தான். கரி நாரில் கரண்ட் பாயும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோனான். விமானத்தில் மின்னல் விழுந்தாலும் சேதம் வராமலிருக்க மேல்தோலுக்குள் செப்பு வலை விரிப்பதும் அவன் வேலைதான். முகம் தெரியாத சனத்துக்கு அவ்வளவு கவனம். பெற்ற தகப்பனுக்கு ஒரு வார்த்தை இல்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது அவனுக்கு. அம்மாவுக்கு இது தெரிந்துவிடக்கூடாது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பறை முழங்கியது. வேலிப் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கியதும் பாடை நின்றது. கடதாசிப் பூக் கூரை கம்பியில் முட்டும்போல் இருந்தது. அம்மாவின் தம்பி கோணாமலை வேலிக்குப் போய்த் தடியை எடுத்தார். துவாயை உருவி எறிந்துவிட்டு, தடியைச் சால்வையால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு உள்ளங்கைகளையும் துடைத்தார்.

"அத்தான் ஈரத்தோட புடிச்சித்தான் இப்பிடி ஆயிப்போச்சி. நான் கவனமாத் தூக்குறன். நீங்க வாங்க."

"மாமா, கீழ வெச்சிருங்க அத!"

"பயப்படாத மனே. நல்லாக் காஞ்சிதான் இரிக்கி."

தடியின் நுனி கம்பியை நோக்கி எழும்பியது. நிதுர்ஷனின் இரு கையிலும் நெருப்புச் சட்டி.

"காஞ்சாலும் கரண்ட் பாயும்! அது மரமில்ல மாமா, கரி. அதாலதான் அப்பா செத்தவர்."

பறை நின்றது. கோணாமலை கையை உதறினார். தடி சத்தமில்லாமல் மணலில் விழுந்தது.

படலையில் பெண்களோடு நின்ற அம்மா அழுகையை நிறுத்தினாள்.

"உனக்கு எப்ப தெரியும் மனே?"

பொய் சொல்ல நினைத்தான்.

"வேலைக்குப் போன முதல் நாளே சொல்லித் தந்தவங்க."

அம்மா மணலில் கிடந்த தடியைப் பார்த்தாள்.

பாடையைத் தோளிலிருந்து இடுப்பளவுக்கு இறக்கி, எல்லோரும் குனிந்து நடந்தார்கள். அப்பா கம்பிக்குக் கீழால் போனார். அப்பால் போனதும் நிதுர்ஷன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அம்மா தடியை எடுக்கக் குனிந்திருந்தாள். பாரமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையையும் கொடுத்தாள். அது ஒரு கைக்கே வந்துவிட்டது.