தோமித்திலா ஏறிய ஆளில்லா வண்டி

தோமித்திலாவுக்குக் கண் தெரியாது. ஆனால் அவள் எங்கே போகிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்பதெல்லாம் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பேட்டை முழுக்கத் தெரியும். காரணம் அவள் தம்பி ஃபெர்மின். டாக்சி ஓட்டுகிறவன். அக்காவுக்குப் பார்வை போன நாளிலிருந்து அவளை நீதிமன்ற வேலைக்கும் டாக்டரிடமும் மாதா கோயிலுக்கும் அவன்தான் கொண்டுபோய் விட்டான். தங்கமான மனசு. வாய்தான் ஓட்டை. ஒருமுறை அவளுக்கு மூலம் வந்தபோது, அவள் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புமுன் சேதி தெருமுனை பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ரொட்டிக்காரி அத்திப்பழம் ஊறவைத்துச் சாப்பிடச் சொல்லி வைத்தியமே சொன்னாள்.

தம்பியை விட்டால் வேறு டாக்சி கிடைக்காதா என்றால், கிடைக்காது. வழிகாட்டி நாய் கனேலோ அவளோடு எப்போதும் இருக்கும். வண்டி வேகம் குறைவதும், நாயைக் கண்டதும் மறுபடி பறப்பதும் அவள் காதுக்கு நன்றாகவே கேட்கும். நின்ற ஒன்றிரண்டு பேரும் தும்மல் வருகிறது என்று கதை சொல்லிக் கிளம்பிவிடுவார்கள்.

அப்போதுதான் ஆளில்லாக் கார்கள் ஊருக்குள் வந்தன. போனில் கூப்பிட்டால் வாசலில் வந்து நின்று மணி அடித்தது. கனேலோவைப் பார்த்துத் தும்மவில்லை. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கவில்லை. முதல் தடவை ஏறியபோது தோமித்திலா எங்கேயும் போகவில்லை. சும்மா கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். தான் போனது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பே ஐஸ்கிரீம் சாப்பிட்டது போல இருந்தது.

ஃபெர்மினுக்கோ அந்தக் கார்களைக் கண்டாலே வயிறு எரிந்தது. "பேய் ஓட்டுற வண்டிக்கா அது. நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்திருக்கு" என்பான். டாக்சிக்காரர் சங்கத்தில் அவன் முன்வரிசை ஆள். சங்கத் தலைவர் அன்செல்மோ மேடையில் கர்ஜிக்கும்போது கைதட்டி உள்ளங்கை சிவந்துவிடும் அவனுக்கு. சங்கம் ஒரு எளிய ஆயுதம் கண்டுபிடித்திருந்தது. சாலை ஓரத்தில் கிடக்கும் ஆரஞ்சு நிற எச்சரிக்கைக் கூம்பு ஒன்றை எடுத்து அந்தக் காரின் பானெட் மேல் வைத்துவிட்டால் போதும். எதிரே தடை என்று நினைத்து, சேற்றில் மாட்டிய எருமை மாதிரி அப்படியே நின்றுவிடும். காலி வண்டிக்குத்தான் வைக்கணும், ஆள் இருந்தால் தொடக்கூடாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு.

இந்த அன்செல்மோவைத்தான் தோமித்திலா ரகசியமாகக் காதலித்துக்கொண்டிருந்தாள்.

பழக்கம் நீதிமன்றத்தில் ஆரம்பித்தது. அவள் அங்கே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். சிவப்பு விளக்கைத் தாண்டிய வழக்கில் வந்த அன்செல்மோ, கண்ணில் கொசு விழுந்ததாக ஒரு பொய் சொன்னார். அவள் அதைச் சிரிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நீதிபதி சிரித்துவிட்டார். வெளியே வந்ததும், "என் பொய்யை என்னைவிட அழகா சொன்னீங்க" என்றார். பெண்டாட்டியை இழந்தவர். நல்ல குரல். கும்பியா என்ற ஜோடி ஆட்டத்தில் அவர் கை இடுப்பில் பட்டால் அறுபதை நெருங்கும் முட்டி வலி மறந்துபோகும்.

ஞாயிறு பிற்பகல்களில் ஒரு மண்டபத்தில் ஆடப் போனார்கள். எதில் போவது? அவர் டாக்சியில் போனால் ஊருக்கே தெரியும். மற்றவர் டாக்சியில் போனால் அதற்கு முன்பே தெரியும். வம்பு பேசாத வண்டி ஒன்றுதான் இருந்தது. தலைவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திருடன் மாதிரி அதில் ஏறினார்.

"மனசாட்சி உறுத்துது தோமி."

"உறுத்தட்டும். கதவைச் சாத்துங்க, குளிருது."

அந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து திரும்பும் வழி. இருபத்துநான்காம் தெருவில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் இருவரும் நன்றாகச் சரிந்திருந்தார்கள். முத்தம் கொடுக்கத் தோதாக அவர் அவள் பக்கம் குனிந்த நேரம், முன்னால் டொப்பென்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

"பாதுகாப்பு கருதி வாகனம் நிறுத்தப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றது கார்.

வெளியே ஒரு சிரிப்பு. கழுதை விக்கல் எடுப்பது போன்ற அந்தச் சிரிப்பு உலகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு.

"ஐயோ, ஃபெர்மின்" என்றாள்.

அன்செல்மோ சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே கனேலோ படுத்திருந்த இடத்தில் போய் விழுந்தார். நாய் சந்தோஷமாக அவர் முகத்தை நக்கியது.

"பேய் வண்டி ஒழிக! தலைவர் அன்செல்மோ வாழ்க!" என்று வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தான் ஃபெர்மின். தலைவர் நாய்க்குக் கீழே முனகினார்.

போயிருப்பான், கொஞ்ச நேரத்தில். ஆனால் பின்னால் பஸ் ஒன்று வந்து மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அதற்கும் பின்னால் தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சங்கு. அது நெருங்கிக்கொண்டே வந்தது. யாருடைய வீடோ எரிகிறது, தோமித்திலாவோ வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறாள். திருப்ப ஒரு ஆள் இல்லை. திட்டவும் ஒரு ஆள் இல்லை. கம்பெனியின் உதவிக் குரல் ஒன்று பேசியது. பெண் குரல், எங்கிருந்தோ.

"வெளியில் இருப்பவரைக் கூம்பை அகற்றும்படி கேட்டுக்கொள்ள முடியுமா?"

தோமித்திலா கண்ணாடியை இறக்கினாள்.

"டேய் ஃபெர்மின்! அந்தக் கூம்பை எடுடா. இல்லேன்னா அதை உன் தலையில கவுத்துத் தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போவேன்!"

கோஷம் நின்றது.

"அக்கா? நீ எங்கக்கா இதுக்குள்ள?" குரல் ஜன்னலுக்கு வந்தது. "கீழ யாரு?"

"நாய்."

"நாய் ஷூ போட்டிருக்கே?"

வேறு வழியில்லாமல் அன்செல்மோ எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோழரே, எதிரியோட வண்டியை உள்ளேயிருந்து ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தேன்."

"காதுல உதட்டுச் சாயம் இருக்கு தலைவரே."

"மொதல்ல கூம்பை எடுங்கடா, சங்கு கேக்கலையா!" என்று பஸ் ஓட்டும் அம்மாள் இறங்கி வந்து கத்தினாள். ஃபெர்மின் ஓடிப்போய் எடுத்தான். கார் அசையவில்லை. அனுமதிக்காகக் காத்திருப்பதாகச் சொன்னது. தீயணைப்பு வண்டி பின்னால் வந்து நின்று, மாதா கோயில் பக்கமே வரக்கூடாத வார்த்தைகளில் திட்டியது. தோமித்திலா உதவிக் குரலிடம் நீதிமன்றக் குரலில் பேசினாள். "அம்மா, உங்க வருத்தம் எனக்கு வேணாம். இதை நகர்த்துங்க." ஒருவழியாகக் கார் கனைத்துக்கொண்டு ஓரம் கட்டியது. தீயணைப்பு வண்டி அலறிப் பாய்ந்தது.

நல்லவேளை, ஒரு சமையலறை அடுப்பில் எண்ணெய் பற்றியதோடு போயிற்று. ஆனால் அது தெரியவரும்வரை அக்காவும் தம்பியும் நடைபாதையிலேயே காத்து நின்றார்கள்.

"ஆள் இருக்கான்னு பாக்கணும்னு தோணலையா உனக்கு?"

"முன்சீட்டுல யாரும் இல்லக்கா. பின்னாடி நீங்க படுத்தில்ல கெடந்தீங்க." மூக்கை உறிஞ்சினான். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே?"

"அதுக்குத்தான்டா சொல்லல. நீ கூட்டிட்டுப் போற எடத்துக்கெல்லாம் ஊரும் சேர்ந்து வருது. என் மூலத்துக்கு ரொட்டிக்காரி வைத்தியம் சொல்றா!"

ஃபெர்மினுக்கு ஊருக்குச் சொல்வது உதவியாகத்தான் தோன்றியிருந்தது. அவள் இத்தனை வருஷமாக வெட்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் உறைத்தது.

யாரோ எடுத்த வீடியோ மாலைக்குள் ஊரெல்லாம் ஓடியது. சங்கக் கூட்டத்தில் அன்செல்மோ ராஜினாமா செய்தார். "காதலுக்காகப் பதவியைத் துறக்கிறேன்" என்று கடைசியாக ஒரு கர்ஜனை. கொஞ்சம் கைதட்டல், நிறைய விசில். தலைவர் பதவி ஃபெர்மின் தலையில் விழுந்தது. அவன் போட்ட முதல் தீர்மானம், வழிகாட்டி நாயோடு நிற்பவரை விட்டுவிட்டுப் போகும் டாக்சிக்காரனுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது. "தும்மல் வருதுன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட்டுங்கடா" என்றான். இரண்டாவது, கூம்பு இனி கிடையாது, நகரசபையில் முறையாகச் சண்டை போடலாம் என்பது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அவன் அக்கா வாசலில் வந்து நின்றான். ஆட்டத்துக்குக் கூட்டிப்போக வந்ததாகச் சொன்னான். வாய் திறக்க மாட்டேன் என்று மாதா மேல் சத்தியமும் செய்தான்.

"நீ எங்களோட வா" என்றாள் தோமித்திலா.

அவளுக்கும் அன்செல்மோவுக்கும் நடுவில், மடியில் கனேலோவின் தலையோடு, எதிரியின் வண்டியில் புதிய தலைவர் உட்கார்ந்தார். ஸ்டியரிங் தானாகத் திரும்பியதும் சிலுவை போட்டுக்கொண்டார். போகும் வழியெல்லாம் அவர் வலதுகால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிப்பது அவள் காலில் இடித்தது. குறுக்கே சைக்கிள் ஒன்று பாய்ந்தபோது கார் பட்டுப்போல நின்றது.

"நான் பாத்திருக்க மாட்டேன் அவனை" என்றான் ஃபெர்மின் மெல்ல.

மண்டபம் இருக்கும் தெருவில் பீர் லாரி ஒன்று குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. கார் திரும்பி அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தது. லாரி அங்கேயே நின்றது. மறுபடி சுற்றியது. மண்டபத்துக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் நெருங்கி வந்து விலகிப்போனது. மறுபடியும் சுற்றியது.

"எறங்கி அந்த லாரிக்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசத் தெரியுதா இதுக்கு? பொட்டலம் கட்டின மூளை!" ஃபெர்மின் தொடையைத் தட்டிச் சிரித்தான். கழுதை விக்கல் காருக்குள் எதிரொலித்தது. "நான்னா நடைபாதையில ஏத்தி, வாசல்லயே எறக்கியிருப்பேன்!"

"ஏத்திட்டு நீதிமன்றத்துக்கு வருவ. நான்தான் மொழிபெயர்க்கணும்" என்றாள் தோமித்திலா.

அன்செல்மோவும் சிரித்தார். கார் வருத்தம் தெரிவித்துவிட்டு நான்காம் முறை திரும்பியது.