கறிவேப்பிலை அழகியின் கடைசிப் புழு

1

பறிக்கப்படாத ஒரு கொத்துக் கறிவேப்பிலையிலிருந்து வந்த கதை இது. முதலில் வேறு மாதிரி ஆரம்பித்தேன்:

'கறிவேப்பிலை அழகி என்பது கருஞ்சிறகில் சிறு வாலுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி. இளம் புழு பார்க்கப் பறவை எச்சம் போலிருக்கும். ஆகவே குருவிகள் அதை–'

பாடம் நடத்துவது போலிருந்தது. விட்டுவிட்டேன். (எச்சம் மட்டும் கதைக்கு வேண்டும். கதையில் வரும் கார்குழலியின் அம்மா ஒருமுறை புழுவைக் காக்கா எச்சம் என்று நினைத்துச் செடியைக் கழுவிவிட்டிருக்கிறார்.)

2

கார்குழலி விலங்கியல் படித்தவள். சாரம் பகுதியில் ஒரு வாடகை வீட்டு மாடியில், தொட்டிச் செடியில் இந்தப் புழுக்களை வளர்த்தாள். வளர்ந்து பச்சையானதும் அவை செடியை மொட்டையடித்தன. பக்கத்து வீட்டு ஷாஜாதியின் வாசலில் கறிவேப்பிலை மரமே நின்றது. கேட்கக் கூச்சம். பெரிய மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினாள்.

இங்கே அவள்மேல் எனக்கே சந்தேகம். கடை இலையில் மருந்து அடித்திருப்பார்கள் என்று படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் குழம்புக்குச் செய்வதுபோல உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசினாள். மனிதர் நாமே தின்கிறோம், புழுவுக்கு என்ன என்று நினைத்தாள்.

சாயங்காலம் புழுக்களெல்லாம் செத்துச் சுருண்டு கிடந்தன, ஒன்றைத் தவிர. தோலுரித்துக்கொண்டிருந்ததால் அது அந்த இலையைத் தின்னவில்லை. இனி அதற்குப் பசிக்கும். தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. கோபம் இருந்தது, உயிர் இருந்தது.

3

பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. கார்குழலி பக்கத்து வீட்டு கேட்டைத் தட்டினாள். (அவள் தயங்கி நின்றதை ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன்.)

"அக்கா, கொஞ்சம் கறிவேப்பில... புழுவுக்கு."

ஷாஜாதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு வருஷமா பக்கத்துல இருக்க. புழுவுக்குப் பசிச்சாதான் உனக்கு வாய் தொறக்குமா?"

பொழுது சாய்ந்தபின் இலை பறிக்க மாட்டோம் என்றும் சொன்னாள். கார்குழலி வீட்டிலும் அதே வழக்கம்தான். தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"எங்க போற? பறிக்க மாட்டேன்னுதான சொன்னேன். அந்தப் புழுவ தூக்கிக்கினு வா. மரத்துலயே வுட்டுடலாம்."

ஷாஜாதி செல்போனில் வெளிச்சம் பிடித்தாள். புழு தளிரில் ஏறி, ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கியது. மெல்லும் சத்தம் கேட்டது [என்று எழுத ஆசை, கேட்கவில்லை].

4

அதன்பின் தினமும் அந்த கேட் கார்குழலிக்குத் திறந்தது. ஒரு காலை புழுவைக் காணோம். இருவரும் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கிளை கிளையாகத் தேடினார்கள்.

முடிவு ஒன்று: கொண்டைக்குருவி கொத்திவிட்டது.

முடிவு இரண்டு: இடுப்பில் பட்டுநூல் கட்டி, இலை நிறத்திலேயே கூடாகி, அவர்கள் கண்ணெதிரே இருந்து, பறந்தும்–

எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அன்று ஷாஜாதி ஒரு கொத்துப் பறித்துக் கொடுத்திருந்தால், கார்குழலி வாங்கிக்கொண்டு போயிருப்பாள், அந்த வாசல் கேட்டும் மூடியிருக்கும். பறிக்காததற்கு நன்றி, அக்கா.

இப்போதெல்லாம் தாளிப்புக்கு இலை உருவும் முன் ஷாஜாதி ஒருமுறை திருப்பிப் பார்க்கிறாள். நீங்களும் பாருங்கள். எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால், கழுவிவிடாதீர்கள்.