ஐந்துக்கு மேல்

என் அம்மாவுக்கு முதல் எச்சரிக்கைச் சீட்டை எழுதியது நான்தான். இரண்டாவதையும் நான்தான் எழுதினேன். பெற்றவளுக்கே சீட்டு எழுதுகிறாள் பார் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. பேசட்டும். பெரிய மனிதர்களின் உல்லாசப் படகுகள் பன்னிரண்டு நாட் வேகத்தில் சீறிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர்களுக்கும் நான்தான் எழுதினேன். அப்போது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

விதி சின்னது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எந்த மோட்டார் படகும் ஐந்து நாட் வேகத்துக்கு, அதாவது மணிக்கு ஐந்து கடல் மைலுக்கு, மேல் போகக்கூடாது. அவசரமில்லாமல் மெல்ல ஓடுகிற ஒருவரின் வேகம், அவ்வளவுதான். ஏன் என்று கேட்பவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உள்துறையைக் காட்டலாம். நிற்கிற கப்பல்களின் ஓரத்தில் பீப்பாய்களைக் கட்டி மேலே பலகை போட்டு, அந்த மிதவையில் நின்றுகொண்டுதான் பெயிண்ட் அடிக்கிறார்கள், வெல்டிங் வைக்கிறார்கள். வேகமாகப் போகிற படகு அவர்களை இடிக்காது. அது போன பிறகு, அது விட்டுப்போன அலை வந்து தூக்கிப் போடும். ஓட்டுகிறவனின் முதுகுக்குக் கண் கிடையாது. அவன் விசிலடித்துக்கொண்டே போயிருப்பான்.

அம்மா ஓட்டுவது இந்த ஆட்களை ஏற்றிப்போகும் படகு. பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறாள். அந்தப் படகில் வேகம் காட்டும் முள் கிடையாது. பழைய படகு எதிலும் கிடையாது. எல்லோரும் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டுவார்கள். அம்மாவின் கணக்குப்படி ஐந்தில் இஞ்சின் முனகும், ஆறில் இருமும், ஏழில் கத்தும். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். என்னைப் படிக்கவைத்ததும் அந்த முனகல்தான். அப்படிப்பட்டவள் திடீரென்று ஏழில் போனால் எனக்கு என்ன தோன்றும்? மகள் துறைமுகக் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருக்கிற தைரியம் என்றுதான் தோன்றியது.

"உங்கம்மா இன்னைக்கு ஏழே கால். இப்படியே போனா பறக்கப் போறாங்கம்மா. ரன்வே போடச் சொல்லட்டுமா?" என்றார் என் சீனியர், வேகமானியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சீட்டை இப்படிக் கொடுங்க சார்."

"ரெண்டாவது. மூணாவது வந்தா லைசென்ஸ் போயிடும், ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எண்ணத் தெரியும் சார்."

இரண்டாவது சீட்டு எழுதிய அன்றுதான் மிதவையில் நின்ற பெயிண்டர் ஒருவன் விழுந்தான். அம்மாவின் படகு கடந்துபோன பிறகு அலை வந்து மிதவையை ஒரு பக்கமாகத் தூக்கியிருக்கிறது. பெயிண்ட் டப்பா தண்ணீரில். அவன் பலகையைக் கட்டிப்பிடித்துத் தொங்கியிருக்கிறான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் விசாரிக்கப் போனபோது சிரிக்கிறான். "விடுங்க மேடம். காலையில குளிக்காம வந்துட்டேன், நம்ம போட் அக்கா குளிப்பாட்டி விட்டுட்டாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் செத்திருப்பான் தெரியுமா என்றேன். பதில் இல்லை. உனக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா என்றேன். பதில் இல்லை. கடைசியில் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஏன்டி இப்ப மேல விழுந்து பிடுங்குற? நான் அஞ்சுலதான் போறேன். உன் மிஷின்தான் சரியில்ல."

திமிர் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை சீருடையோடு நேராகப் போய் அவள் படகில் ஏறினேன். கையில் வேகம் காட்டும் கருவி. ஆட்கள் இருபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பெயிண்டர் மட்டும் அம்மாவை ஒட்டி, வலது பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மேடம், நேர்ல பிடிக்க வந்துட்டீங்களா?"

"நீ சும்மா இரு."

அம்மா இஞ்சினைக் கிளப்பினாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளினாள். எனக்கே முனகல் தெளிவாகக் கேட்டது. கருவியில் ஐந்து. அவள் இன்னும் தள்ளினாள். இஞ்சின் இருமியது. இன்னும் தள்ளினாள். அது கத்தியது. அப்போதுதான் அவள் முகம் தெளிந்து, கை நின்றது.

"பாத்துக்க. அஞ்சு," என்றாள்.

கருவியில் ஏழு புள்ளி மூன்று.

எனக்குப் பின்னால் இழுவைப்படகு ஒன்று ஹாரன் அடித்தது. நான் துள்ளி விழுந்தேன். அம்மா அசையவில்லை. பெயிண்டர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் வலது தோளில் இரண்டு முறை தட்டினான். அவள் உடனே படகை இடப்பக்கம் ஒதுக்கி வழிவிட்டாள். பழகிப்போன வேலை. யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. அந்த இருபது பேரும் தலையைக் கீழே போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"அம்மா," என்றேன், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "அம்மா."

அவள் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியின் மேலிருந்த அவள் கையின் மேல் என் கையை வைத்துப் பின்னுக்கு இழுத்தேன். ஐந்துக்கு வந்தது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன்டி அணைச்சே?" என்றாள்.

இஞ்சின் அணையவில்லை. ஓடிக்கொண்டிருந்தது.

படகு கரைக்கு வந்ததும் ஆட்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். பெயிண்டரை மட்டும் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். இப்பத்தான் ரொம்ப மோசம். சொன்னா அக்காவை வீட்ல உட்கார வச்சிருவாங்க. அதான் நாங்களே முறை போட்டு உட்கார்றோம்."

"அலை தூக்கி எறிஞ்சது உன்னைத்தான்டா, முட்டாளே!"

"என்னை விட்டுட்டு வேற யாரைத் தூக்கி எறிவாங்க, சொல்லுங்க?"

இந்த மாதிரி அன்புதான் ஆளைக் கொல்லும் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அவனைத் திட்ட எனக்கு என்ன தகுதி? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பதில் வராததையெல்லாம் திமிர் என்று கணக்குப் போட்டவள் நான்.

படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அவள் என் வாயைப் பார்க்கும்படி எதிரில் உட்கார்ந்து, மிஷின் சரிதான், உன் காதுதான்மா சரியில்ல என்றேன்.

"எழுது," என்றாள் அம்மா. "வேகமாப் போனேன்னு எழுது. காதை எழுதாத."

"மூணாவதும்மா. வெறும் வேகம்னு எழுதினா லைசென்ஸ் அப்படியே போயிடும்."

"போகட்டும். வேகமாப் போனவளுக்கு ஒரு கௌரவம் இருக்குடி. செவிடிங்கிற பேரு வந்தா எவன் திரும்ப போட்டைக் கையில குடுப்பான்?"

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் படித்ததில் ஒரு லாபம் உண்டு. யாரும் புரட்டாத விதிப்புத்தகத்தை நான் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். உடல்நலக் காரணத்தால் விதி மீறப்பட்டது என்று கண்காணிப்பாளர் எழுதிக்கொடுத்தால், உரிமத்தை ரத்து செய்யக்கூடாது. நிறுத்தி வைத்து, சிகிச்சைக்குப் பின் மறுபடி ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். காது மிஷின் போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று அதற்கும் ஒரு வரி இருக்கிறது. நான் இரண்டையும் எழுதினேன், வேகத்தையும் காதையும். அவள் கண் முன்னாலேயே எழுதினேன்.

ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. இந்த முறை நிஜமாகவே பேசவில்லை. வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

பத்தாவது நாள் காது டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் கூட வேறு வரிசையில் உட்கார்ந்து வந்தாள். டாக்டரம்மா சின்ன மிஷினைக் காதில் பொருத்தி, எதையோ திருகி, "அம்மாகிட்ட ஏதாவது பேசுங்க" என்றார் என்னிடம்.

"அம்மா, என்மேல இன்னும் கோபமா?"

அவள் சட்டென்று திரும்பினாள். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"தொண்டை ஏன்டி இப்படிக் கட்டியிருக்கு? சளியா?"

"சளி இல்லம்மா. என் குரலே இதான்."

"எப்பலேர்ந்து?"

சண்டைக்கு மட்டும்தான் எனக்கு வார்த்தை வரும். அவள் கையை நீட்டி என் தொண்டையைத் தொட்டாள், சின்ன வயதில் காய்ச்சல் பார்ப்பது போல, புறங்கையால். "கத்திக் கத்தித் தேஞ்சு போச்சு," என்றாள். "எல்லாம் என்னாலதான்." டாக்டரம்மா பேனா மூடியைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஓட்டிக்காட்டும் நாள். சொந்தம் என்பதால் நான் வேகமானியைத் தொடக்கூடாது, படகிலும் ஏறக்கூடாது. படித்துறையில் நின்றேன். பரிசோதகர் புத்தம்புது ஷூவோடு படகில் ஏறினார். அலைதடுப்புச் சுவர் வரை போய்த் திரும்ப வேண்டும். போகிறாள், போகிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள். பெயிண்டர் தன் மிதவையில் நின்றபடியே ஒரு கையால் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். படகு அவனைக் கடந்த பிறகும் அவன் தூரிகை கோட்டை விட்டு விலகவில்லை.

திரும்பி வந்ததும் பரிசோதகர் தாளில் கையெழுத்துப் போட்டார். "நாலரையைத் தாண்டவே இல்ல. இவ்வளவு பொறுமையான ஆளை நான் பார்த்ததில்ல."

அவர் போகும்வரை அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் குனிந்தாள். "பொறுமையாவது மண்ணாவது. அந்த ஆளு ஷூ கீச் கீச்சுனு ஒரே தொல்லை. இறக்கிவிடலாம்னு பார்த்தா சுத்திலும் தண்ணி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மிதவையை நோக்கிக் கைதட்டிப் பெயிண்டரைக் கூப்பிட்டாள்.

"டேய், அன்னைக்கு உன்னைக் கீழ தள்ளினதுக்கு மன்னிச்சுக்கடா. எனக்குத் தெரியல."

"என்னக்கா சொன்னீங்க? கேக்கல!" என்று அவன் அங்கிருந்து கத்தினான், பல்லைக் காட்டிக்கொண்டு.

"படுவா," என்றாள் அம்மா.

ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் படித்துறையில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். அவள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து, இஞ்சினைக் கிளப்பினாள். அது முனகியது. அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் தண்ணீருக்கு மேலே இருந்த கடைசிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு போய், அதன் அலை கரைக்கு வந்து சேர்ந்தபோது, என் கால் நனையவில்லை.