மூடாமல் விட்ட மெயில்

துபாயில் இருக்கும் கணவனுக்குத் தாம்பரத்து பிரவுசிங் சென்டரில் மெயில் எழுதிக்கொண்டிருந்தாள் இரம். முடிச்சூர் பஸ் வருவதைப் பார்த்ததும் பாதியில் எழுந்து ஓடிவிட்டாள்.

பஸ் ஜன்னலோரம் சாரல் முகத்தில் பட, மனசுக்குள் அவனோடு பேசியபடி மிதந்துகொண்டிருந்தாள். திடீரென்று உறைத்தது. மெயிலை மூடவில்லை! அவனுக்கு மட்டும் சொன்னதை இப்போது யாரோ வாசித்துக்கொண்டிருக்கலாம். அவள் பெயரில் அவனுக்கு எதையாவது எழுதிவிடவும் கூடும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். மாலை விளக்குகள் மழைத்தண்ணீரில் கரைந்து ஓடின. சாலை முடியவே முடியாதுபோல் நீண்டது.

சென்டரில் அவள் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திரை இருட்டாக இருந்தது.

"இது உங்க மெயிலா? திறந்தே இருந்துச்சு. முதல் வரி கண்ணுல பட்டதும் மானிட்டரை ஆஃப் பண்ணிட்டேன்."

"சைன் அவுட் பண்ணியிருக்கலாமே அக்கா?"

"பாதி எழுதியிருந்தீங்க. மூடினா அழிஞ்சிடுமேன்னு, வேற யாரும் உட்காராம பார்த்துக்கிட்டேன்."

இரமுக்குக் கண் கலங்கியது. மானிட்டரைப் போட்டாள். எழுத்துகள் அப்படியே இருந்தன. அந்தப் பெண் எழுந்து இடம்விட்டு, வாசல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரம் மெயிலை முடித்து அனுப்பினாள், பாஸ்வேர்டை மாற்றினாள், மறக்காமல் சைன் அவுட் செய்தாள்.

"உங்க பேர் என்னக்கா?"

"ஸ்ரீவித்யா."

மழை விடும்வரை இருவரும் வாசலில் பேசிக்கொண்டு நின்றார்கள்.